பெரியம்மையும் சிற்றலை வானொலியும்

பொதுச் சுகாதாரத்தில் தலைமை என்றால் ஆணையிடுதல் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது வில்லியம் ஃபேகி என்னும் அமெரிக்க மருத்துவரின் வரலாறு.

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை கண்டது. எல்லோருக்கும் குத்த அவரிடம் அம்மைப்பால் போதவில்லை. மாலையில் சிற்றலை வானொலியில் ஒருவரோடொருவர் பேசும் வழக்கமுடைய பாதிரிமாரை அவர் அணுகினார். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு ஆளனுப்பி, நோயுள்ள இடங்களை அறிந்து சொல்லுமாறு வேண்டினார். மறுநாள் மாலைக்குள் நான்கு ஊர்களின் பெயர்கள் கிடைத்தன. அவ்வூர்களிலும், சந்தை, உறவு வழியாக நோய் தொற்றக்கூடிய இடங்களிலுமே அம்மை குத்தினர். ஏனைய ஊர்களைக் காக்க வைப்பதற்குத்தான் எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! பாதிப் பேருக்குக்கூடக் குத்தாத நிலையிலேயே அப்பகுதியில் நோய் அடங்கிற்று.