ஸ்ட்ராபெரியில் புதிய ரகம் உருவாக்கலும் இனங்காணலும்

ஸ்ட்ராபெரியில் புதிய ரகம் உருவாக்குவது என்பது, இரு பெற்றோர்ச் செடிகளைக் கலந்து கிடைக்கும் பல்லாயிரம் நாற்றுகளிலிருந்து ஒரே ஒரு செடியைத் தேர்ந்து, அதையே படியெடுத்துப் பெருக்குவதாகும். கலப்பு செய்வது எளிது. தேர்ந்த செடி ஏற்கெனவே உள்ள எல்லா ரகங்களிலிருந்தும் வேறானது என்று பிறர் ஏற்கும்படி நிறுவுவதுதான் கடினம். அப்படி நிறுவிய பிறகே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். நாற்று விற்பனையில் உரிமைத்தொகையும் கேட்க முடியும்.

விதையும் ஓடுதண்டும்

இன்று சந்தையில் கிடைக்கும் பெரிய ஸ்ட்ராபெரி (ஃபிரகேரியா அனனாசா) ஐரோப்பியத் தோட்டங்களில் பிறந்த கலப்பினம். பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரேசியே 1714-ல் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவை பெண் செடிகளாக இருந்ததால் தனியே காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜீனிய ஸ்ட்ராபெரி அருகில் இருந்த இடங்களில் காய்த்தன. இவ்விரண்டின் கலப்பே புதிய ஸ்ட்ராபெரி என்று தாவரவியலாளர் டுஷேன் 1766-ல் விளக்கினார். ஸ்ட்ராபெரிக்குப் பிரெஞ்சு மொழியில் 'ஃபிரேஸ்' என்று பெயர்; கொண்டுவந்தவரின் பெயரும் அதை ஒத்திருப்பது வேடிக்கையான பொருத்தம்.

இச்செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் 56 குரோமோசோம்கள் உள்ளன. அதாவது ஏழு குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் எட்டு. மரபுப் பண்புகள் இவ்வளவு செறிந்திருப்பதால், ஒரே பழத்திலிருந்து எடுத்த இரண்டு விதைகள்கூட ஒரே மாதிரியான செடிகளைத் தருவதில்லை. நல்ல பழத்தின் விதையைத் தொட்டியில் விதைத்தவருக்கு அதே பழம் கிடைக்காததன் காரணம் இதுவே.

ஆனால் தாய்ச்செடியிலிருந்து தரையோடு படரும் ஓடுதண்டுகளின் கணுக்களில் வேர்விட்டு வளரும் கன்றுகள் தாயின் மரபு நகல்களாகவே இருக்கும். விதை புதுமையைத் தருகிறது. ஓடுதண்டு அதைக் காக்கிறது. பிறருடைய ரகத்தைத் திருடுவதை மிக எளிதாக்குவதும் இதே ஓடுதண்டுதான். ஒரு செடி கையில் கிடைத்தால் போதும், சில பருவங்களில் ஒரு வயலையே நிரப்பிவிடலாம்.

கலப்பும் தேர்வும்

பூ விரியும் முன்பே மொட்டிலுள்ள மகரந்தத்தாள்களை இடுக்கியால் நீக்கி, பூச்சிகள் அணுகாதபடி உறையிட்டு, தேர்ந்த தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் சூல்முடிகளில் தடவுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம் கனிகிறது. நாம் உண்ணும் சதை உண்மையில் பருத்த பூத்தளம். அதன் மேற்பரப்பில் விதைகள்போலத் தெரிபவை ஒவ்வொன்றும் தாவரவியல்படி தனித்தனிக் கனி. அதற்குள்தான் விதை இருக்கிறது. அவற்றைப் பிரித்து முளைக்கவைத்தால் ஒவ்வொரு நாற்றும் ஒரு புதிய ரகத்துக்கான வேட்பாளர்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 'ஆல்பியன்' ரகத்தை எடுத்துக்கொள்ளலாம். 'டயமண்டே' என்ற ரகத்தையும், பெயரிடப்படாமல் எண்ணால் மட்டும் குறிக்கப்பட்ட ஒரு தேர்வுச் செடியையும் 1997-ல் கலந்தனர். வின்டர்ஸ் என்ற ஊருக்கு அருகிலுள்ள ஆய்வுத் தோட்டத்தில் 1998-ல் அந்த நாற்றுகள் காய்த்தபோது ஒரு செடி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் ஓடுதண்டுக் கன்றுகளைக் கொண்டு பல ஆண்டுகள் விளைச்சல், பழத்தின் உறுதி, சுவை, நோய்த்தாங்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்தனர். 16,228 என்ற எண்ணுள்ள அமெரிக்கத் தாவரக் காப்புரிமை 2006-ல் கிடைத்தது. கலப்பு நடந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது ஆண்டுகள்.

ஆல்பியனின் வேர் இன்னும் பின்னே போகிறது. பழைய ரகங்கள் பகல் குறுகும் காலத்தில் மட்டுமே பூ மொட்டு வைத்தன. 1950-களில் ராய்ஸ் பிரிங்கர்ஸ்ட் என்ற ஆய்வாளர் யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலைகளில் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் காட்டு ஸ்ட்ராபெரியைக் கண்டெடுத்தார். அதன் பழம் சிறியது, விற்பனைக்கு உதவாதது. அந்த ஒரு பண்பை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, பெரிய பழ ரகங்களோடு தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கலந்து, அவரும் விக்டர் வோத்தும் 1979-ல் முதல் பகலளவு சாரா ரகங்களை வெளியிட்டனர். இன்று கலிபோர்னியாவில் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஸ்ட்ராபெரி கிடைப்பதற்கு அந்த மலைச்செடியே முதற்காரணம்.

வேறு என்று காட்டுவது எப்படி?

புதிய தாவர ரகங்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஒன்றியமான யூபோவ், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஏற்பட்டது. அதன் முறைப்படி ஒரு ரகத்துக்கு மூன்று தேர்வுகள் உண்டு: தெரிந்த பிற ரகங்களிலிருந்து அது தெளிவாக வேறுபட வேண்டும், அதன் செடிகள் தமக்குள் ஒத்திருக்க வேண்டும், பெருக்கப் பெருக்கப் பண்புகள் மாறாதிருக்க வேண்டும். ஓடுதண்டால் பெருகும் பயிருக்குப் பின்னிரண்டும் பெரும்பாலும் தடையாவதில்லை. சிக்கல் முதலாவதில்தான்.

சுவையைக் கொண்டு எவரும் தீர்ப்பளிப்பதில்லை. தேர்வாளர் பார்ப்பவை, உண்பவர் கவனிக்காத சின்னஞ்சிறு அடையாளங்கள். சிற்றிலையின் விளிம்புப் பற்கள் கூர்மையா, மழுங்கலா? இலைக்காம்பின் மயிர்கள் மேல்நோக்கியா, கிடையாகவா, கீழ்நோக்கியா? பூவிதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா, விலகி நிற்கின்றனவா? பூங்கொத்து இலைகளுக்கு மேலே நிற்கிறதா, உள்ளே மறைகிறதா? பழத்தில் விதைகள் மேற்பரப்புக்குக் கீழே பதிந்துள்ளனவா, மட்டமாக உள்ளனவா, புடைத்து நிற்கின்றனவா? தாய் டயமண்டேயோடு ஒப்பிட்டால் ஆல்பியன் பழம் புறத்திலும் அகத்திலும் அடர்சிவப்பு. வடிவத்தில் நீண்ட கூம்பு.

இந்தப் பண்புகள் பலவும் சூழலுக்கேற்ப மாறக்கூடியவை. உரம் கூடினால் இலை கருக்கும். மகரந்தச் சேர்க்கை குறைந்தால் பழம் கோணலாகும். பருவத்தின் முதற்பழம் அடுத்தடுத்த பழங்களைப் போல இராது. நச்சுயிரி தாக்கிய செடியோ வேறொரு ரகம் போலவே தோன்றும். ஆகவே ஒரு ரகத்தைத் தனியே வைத்து அளப்பதால் பயனில்லை. மிக நெருங்கிய ரகங்களை அதே வயலில், அதே நாளில் நட்ட நலமான கன்றுகளாக அருகருகே வளர்த்து ஒப்பிட வேண்டும். புதிய ரகத்தின் விவரிப்பில் 'நடுத்தரம்' என்ற சொல்லுக்கும் ஒப்பீட்டு ரகம் ஒன்று இல்லாமல் பொருளில்லை.

டி.என்.ஏ. சொல்வதும் சொல்லாததும்

கண்ணை நம்பாமல் டி.என்.ஏ. சோதனையையே செய்துவிடலாமே என்று தோன்றும். ஒரு கலப்பில் பிறந்த உடன்பிறப்புகள் அனைத்தும் டி.என்.ஏ.யில் வேறுபடுகின்றன, அந்த வேறுபாடு மட்டுமே போதும் என்றால் பயனற்ற ஒவ்வொரு நாற்றும் புதிய ரகமாகிவிடும். மறுபுறம், ஒரே ஒரு மரபணு திடீர் மாற்றம் அடைந்த செடி தோற்றத்தில் வேறாக இருந்தும், வழக்கமான சோதனையில் தாயைப் போலவே காட்டும். அதனால் ரகத்தை வரையறுக்கும் வேலை இன்றும் பெரிதும் வயலிலேயே நடக்கிறது.

டி.என்.ஏ.யின் வலிமை வேறிடத்தில் உள்ளது. சந்தேகத்துக்குரிய செடி இன்ன ரகத்தின் நகல்தானா என்பதற்கு அது ஐயமற்ற விடை தரும். இத்தாலியில் 'மார்மொலாடா' என்ற பாதுகாக்கப்பட்ட ரகத்தை அனுமதியின்றி விற்றது தொடர்பான வழக்கில் இத்தகைய சோதனை பயன்பட்டது. அதன் விவரம் 2000-ல் ஆய்விதழில் வெளியானது. ஒரு செடியின் பெற்றோர் யார் என்பதையும் இன்று கண்டறியலாம்.

பெற்றோரை அறிவது ஏன் முக்கியம் என்றால், நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. யூபோவ் முறையில், பிறர் ரகத்தைப் பெற்றோராகக் கொண்டு புதிய ரகம் உருவாக்கத் தடையில்லை. அமெரிக்கத் தாவரக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி வெளிப்படையான விலக்கு கிடையாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரகங்களை அனுமதியின்றிக் கலப்புக்குப் பயன்படுத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2017-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்ற ஜூரி பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக முடிவளித்தது. எதிர்த்தரப்பில் இருந்தது அதே பல்கலைக்கழகத்தில் முன்பு அந்த ரகங்களை உருவாக்கியவரின் நிறுவனம் என்பது வழக்கின் விநோதம்.

உழவருக்கு இதில் என்ன?

உரிமைத்தொகை நாற்றின் விலையில் சேர்கிறது. இதன் சுமையைத் தென்கொரியா நேரடியாக உணர்ந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு விளைந்த ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி ஜப்பானிய ரகங்கள். 2002-ல் கொரியா யூபோவில் சேர்ந்ததும் அவற்றுக்கு உரிமைத்தொகை தரவேண்டிய நிலை நெருங்கியது. ஸ்ட்ராபெரிக்குப் பாதுகாப்பு அளிப்பதை அந்நாடு 2012 வரை தள்ளிவைத்தது. அந்த இடைவெளியில், நோன்சான் நகரிலுள்ள ஆய்வு நிலையம் 'அகிஹிமே', 'ரெட் பேர்ல்' என்ற இரு ஜப்பானிய ரகங்களைக் கலந்து 2005-ல் 'சோல்ஹியாங்' ரகத்தை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் அது கொரிய வயல்களில் முதலிடம் பிடித்து, தன் பெற்றோர் ரகங்களையே அங்கிருந்து ஓரங்கட்டியது.