யமுனையைக் காக்குமா சொத்து வரி?

புது தில்லி: பருவமழைக்கு முன் வடிகால்களைத் தூர்வாரிவிட்டதாக அறிவிப்பு வருவதும், முதல் பெருமழையிலேயே சாலைகள் குளங்களாவதும் தலைநகர் தில்லியில் ஆண்டுதோறும் காணும் காட்சி. 2024-ம் ஆண்டு ஜூன் 28-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மி.மீ. மழை பதிவானது. அடுத்த மாதம் பழைய ராஜேந்திர நகரில் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து, ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துவந்த மூவர் உயிரிழந்தனர்.

இது வெறும் சாலைப் பிரச்னை அல்ல. இந்த வடிகால்கள் போய்ச் சேரும் இடம் யமுனை. வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான சுமார் 22 கி.மீ. தொலைவு, ஆற்றின் நீளத்தில் 2 சதவீதம்கூட இல்லை. ஆனால், யமுனையின் மாசில் பெரும்பங்கு இங்குதான் கலக்கிறது. பாதாள சாக்கடை இல்லாத குடியிருப்புகளின் கழிவுநீர், மழைநீருக்கான வடிகால்களில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஒரு காலத்தில் சாஹிபி என்ற ஆறாக இருந்த நீர்வழி, இன்று நஜஃப்கர் வடிகால் என்ற பெயரில் யமுனைக்கு அதிகக் கழிவைக் கொண்டுவருகிறது.

1976-ல் வகுக்கப்பட்ட வடிகால் திட்டத்தையே நெடுங்காலம் நம்பியிருந்த தில்லிக்கு, 2025 செப்டம்பரில் புதிய பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. மதிப்பீடு சுமார் ரூ.57 ஆயிரம் கோடி. மாநகராட்சிக்கு 2024-25-ம் நிதியாண்டில் கிடைத்த சொத்து வரியோ ஏறக்குறைய ரூ.2,100 கோடிதான். அத்தொகை முழுவதையும் ஒதுக்கினாலும் கால் நூற்றாண்டுக்கு மேலாகும். பெரிய கட்டுமானங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் நிதியே வழி. ஆனால், கட்டிய வடிகாலை ஆண்டுதோறும் தூர்வாரிப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது? அங்குதான் சொத்து வரி பற்றிய பேச்சு எழுகிறது.

வரியா, கட்டணமா?

தில்லியில் 2004 முதல் அலகுப் பரப்பு முறையில் சொத்து வரி கணக்கிடப்படுகிறது. குடியிருப்புப் பகுதிகள் எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டு, சதுர மீட்டருக்கு ரூ.630 முதல் ரூ.100 வரை அடிப்படை மதிப்பு வைக்கப்பட்டுள்ளது. இதில் கணக்கில் வருவது கட்டடத்தின் பரப்பு. மழைநீருக்கோ அது பொருட்டல்ல. ஒரே அளவு மனையில் நான்கு மாடி கட்டினாலும், ஒரு மாடி கட்டினாலும் தெருவுக்கு வரும் மழைநீர் ஒன்றே. கட்டடம் சிறிதாக இருந்து, வளாகம் முழுவதும் சிமென்ட் பூசிய வாகன நிறுத்துமிடம் அனுப்பும் நீர் மிக அதிகம். செலுத்தும் வரி குறைவு.

இதனால்தான் ஜெர்மனியின் பெர்லின் நகரில், மழைநீர் புகாதபடி மூடப்பட்ட தரைப்பரப்பைக் கணக்கிட்டுத் தனிக் கட்டணம் வசூலிக்கிறார்கள். மண்ணைத் திறந்துவிடுவோருக்குக் கட்டணம் குறைகிறது. அந்த அடிப்படையில் ஒரு கட்டணத்தைச் சொத்து வரி ரசீதுடன் சேர்த்து வசூலிப்பது இங்கும் இயலாததல்ல.

வரி பொதுநிதியில் கலந்துவிடும். கட்டணம் குறிப்பிட்ட சேவைக்கு உரியது. இந்த வேறுபாட்டை, அன்றைய சென்னை மாநில அறநிலையச் சட்டம் தொடர்பான ஷிரூர் மடம் வழக்கில் 1954-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. வடிகாலுக்கென வாங்கும் பணம் வடிகாலுக்கே செல்ல, கட்டணம் என்ற வடிவமே பொருத்தம்.

சிக்கல் அரசியலில்தான். சொத்து வரியை வசூலிப்பது மாநகராட்சி. வடிகால்களோ பொதுப்பணித் துறை, நீர்ப்பாசனம் மற்றும் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை, தில்லி வளர்ச்சி ஆணையம் என்று பல கைகளில் சிதறிக் கிடந்தன. வரி கட்டாத சொத்துகளும் ஏராளம். 2025-ல், நடப்பாண்டு வரியையும் முந்தைய ஐந்தாண்டு வரியையும் செலுத்தினால் அதற்கு முந்தைய நிலுவை தள்ளுபடி என்று மாநகராட்சி அறிவிக்க நேர்ந்தது. ஒழுங்காகக் கட்டியவரிடமே மீண்டும் கை நீட்டினால் எதிர்ப்பு எழாமல் இருக்குமா? சாக்கடை வசதியே கிடைக்காத குடியிருப்பில் வாழும் ஏழையிடம் வடிகால் கட்டணம் கேட்பதும் நியாயமாகாது.

எனவே, வரி வலைக்கு வெளியே இருப்போரைச் சேர்ப்பதும், பெரிய வளாகங்களில் இருந்து கட்டணத்தைத் தொடங்குவதும், அந்தந்த மண்டலத்தின் வரவு செலவை மக்கள் முன் வைப்பதும் முதற்படியாக இருக்க வேண்டும். கொடுத்த பணம் தன் தெரு வடிகாலில் தெரிந்தால் மக்கள் கொடுப்பார்கள். தெரியாவிட்டால், யமுனையில் கரைந்த கோடிகளின் பட்டியலில் இன்னொரு வரி சேரும்.