கேமரா வாங்கியாயிற்று, எடிட்டிங்கை எங்கே தொடங்குவது?

கேமரா வாங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். கணினியில் படங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரு நண்பர் ஃபோட்டோஷாப் என்கிறார், இன்னொருவர் லைட்ரூம் என்கிறார். யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொரு மென்பொருளைச் சொல்கிறார்கள். எதைப் போடுவது, முதலில் எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

எந்த மென்பொருள் என்ற கேள்வியைச் சற்று ஒத்திப்போடுங்கள். எந்த வரிசையில் வேலை செய்வது என்பதுதான் முதலில் பிடிபட வேண்டும். அது பழகிவிட்டால் மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நல்ல கேமராதானே, எடிட்டிங் எதற்கு?

கேமரா உங்களுக்குத் தரும் படமே எடிட் செய்யப்பட்டதுதான். ஜேபெக் (அளவு சுருக்கிச் சேமித்த படக்கோப்பு) ஆகச் சேமிக்கும்போது நிறம், வெளிச்சம், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்கிறது. வேண்டாம் என்று அது கருதிய விவரங்களைக் கழித்தும் விடுகிறது. எடிட்டிங் என்பது அந்த முடிவுகளை நீங்களே எடுப்பது, அவ்வளவுதான்.

ரா, ரா என்கிறார்களே, அது என்ன?

ரா என்பது சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) பதிந்ததை அநேகமாக அப்படியே வைத்திருக்கும் கோப்பு. பழைய ஃபிலிம் கேமராவின் நெகட்டிவ் போல. அதிலிருந்துதான் படத்தை உருவாக்க வேண்டும். ஜேபெக்கில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் இருளிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள்.

இதனால் என்ன லாபம்? ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகம் இருண்டுவிட்டது என்று வையுங்கள். ராவில் அந்த முகத்தை ஓரளவு நன்றாகவே வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். ஜேபெக்கில் அதே வேலையைச் செய்தால் முகம் திட்டுத்திட்டாகிவிடும்.

எதையும் மீட்கலாமா? முடியாது. முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் ராவிலும் ஒன்றும் இருக்காது. ஆகவே எடுக்கும்போதே வெளிச்சத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். ரா கோப்புகள் இடத்தையும் அடைக்கும்: 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு கோப்பு பெரும்பாலும் 25 முதல் 50 எம்பி வரை வரும். ஆயிரம் படம் எடுத்தால் 25 முதல் 50 ஜிபி. தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்து பதியும்படி, கேமராவில் ‘ரா + ஜேபெக்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஜேபெக், நிதானமாக உட்கார்ந்து பழக ரா.

எடிட் செய்தால் அசல் படம் கெட்டுப்போகுமா?

ரா படங்களுக்கான மென்பொருள்கள் அசல் படத்தை மாற்றுவதே இல்லை. நீங்கள் செய்யும் மாற்றங்களைப் பெரும்பாலும் குறிப்புகளாகத் தனியே எழுதி வைக்கின்றன. லைட்ரூம் கிளாசிக் அவற்றைக் கேட்டலாக் (படங்களின் இருப்பிடமும் மாற்றங்களும் எழுதிய பதிவேடு) என்ற ஒன்றில் வைக்கிறது. இலவச மென்பொருளான டார்க்டேபிள் படத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பாகவும் எழுதி வைக்கிறது. எனவே பயப்படாமல் எதையும் நகர்த்திப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் முதல் நிலைக்குத் திரும்பலாம்.

இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒன்று, படங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றுவதாக இருந்தால் அந்த மென்பொருளுக்குள் இருந்தே மாற்றுங்கள். வெளியே மாற்றினால் படம் எங்கே போயிற்று என்று அதற்குத் தெரியாது. இரண்டு, ஃபோட்டோஷாப்பில் ஜேபெக்கைத் திறந்து அதே பெயரில் சேமித்தால் பழையது போயே போய்விடும். எப்போதும் புதுப்பெயரில் சேமியுங்கள்.

சரி, எந்த மென்பொருள்?

இவற்றில் இரண்டு வகை உண்டு. 2007இல் வெளிவந்த லைட்ரூம் போன்றவை நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி, தேர்ந்து, வெளிச்சமும் நிறமும் திருத்துவதற்கானவை. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் போன்றவை ஒரே படத்துக்குள் புகுந்து, லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) போட்டு, வெட்டி ஒட்டும் நுணுக்க வேலைக்கானவை. புகைப்படக்காரருக்கு அன்றாடம் தேவைப்படுவது முதல் வகை. அதிலிருந்து தொடங்குங்கள்.

இலவசமாகக் கிடைக்குமா? கிடைக்கும். உங்கள் கேமரா நிறுவனமே ஒன்றைத் தருகிறது: கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். டார்க்டேபிளும் ராதெரபியும் எல்லாக் கேமராக்காரர்களுக்கும் பொதுவான இலவச மென்பொருள்கள். இவற்றில் டார்க்டேபிள் ஆழமானது, பிடிபடக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃபோட்டோஷாப்புக்கு ஈடாகக் கிம்ப் உண்டு. கணினியே இல்லையென்றால் போனில் ஸ்னாப்சீட் போதும்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? கணினிக்கான லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும் இப்போது சந்தாவில்தான் கிடைக்கின்றன. சந்தாவை நிறுத்தினால் உங்கள் படங்கள் எங்கும் போய்விடாது. லைட்ரூம் கிளாசிக்கில் அவற்றைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். இலவச மென்பொருளில் சில மாதம் பழகிவிட்டு, தேவை தெரிந்தபின் சந்தா கட்டுங்கள். கிராக் செய்த பிரதியை யாராவது பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். அதோடு வைரஸும் வரலாம். அது உட்காரப்போவது உங்கள் படங்கள் எல்லாம் இருக்கும் கணினியில்.

கணினியும் திரையும் எப்படி இருக்க வேண்டும்?

8 ஜிபி ராம் இருந்தால் ஒப்பேற்றலாம், 16 ஜிபி இருந்தால் வேலை தடைபடாது. அதைவிட முக்கியம் திரை. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டுவைத்த ‘நைட் லைட்’ வசதியை எடிட் செய்யும்போது அணைத்துவிடுங்கள். அது திரையையே மஞ்சளாக்குவதால் நீங்கள் படத்தைத் தேவையில்லாமல் நீலமாக்குவீர்கள். திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்தும் வேலை செய்யாதீர்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த படம் பிரிண்டில் இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கார்டைக் கணினியில் செருகியதும் என்ன செய்வது?

முதலில் நகல். படங்களைக் கணினியில் போட்டு, இன்னொரு வெளி ஹார்டு டிஸ்கிலும் போடுங்கள். இரண்டு இடத்திலும் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஃபோல்டருக்குத் தேதியும் நிகழ்ச்சியும் சேர்த்துப் பெயர் வையுங்கள். ‘2025-01-14 பொங்கல்’ என்று வருடத்தை முதலில் எழுதினால் ஃபோல்டர்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

எல்லாப் படத்தையும் எடிட் செய்ய வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அடுத்த வேலை கழிப்பதுதான். கண் மூடியவை, ஃபோகஸ் தவறியவை முதலில் போகட்டும். ஒரே மாதிரி பத்து இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் போட்டுக் குறிக்கும் வசதி இந்த மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிக் கண்களின் கூர்மையைப் பாருங்கள். சிறிதாகப் பார்க்கும்போது எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும்.

திருத்தும் வரிசை என்ன?

முதலில் சாய்வை நேராக்கி, ஓரத்தில் வேண்டாததை கிராப் (ஓரங்களை வெட்டுதல்) செய்யுங்கள். எது படத்தில் இருக்கப்போகிறது என்று தெரிந்தால்தான் மற்றதைத் தீர்மானிக்க முடியும்.

அடுத்து வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சமன்செய்வது). கல்யாண மண்டபத்தில் எடுத்த படத்தில் வேட்டி மஞ்சளாகத் தெரிகிறதா? வைட் பேலன்ஸுக்கான சொட்டுக்குழாய்க் குறியை எடுத்து, வேட்டியில் நிழல் விழுந்த ஒரு வெள்ளைப் பகுதியில் சொடுக்குங்கள். வெளுத்துப்போன இடத்தில் சொடுக்கினால் கணக்குத் தப்பும். நிறம் சரியான பிறகும் ஒருமுறை யோசியுங்கள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருப்பதுதான் அழகு.

மூன்றாவது எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்). முக்கியமான முகத்தைப் பார்த்து இதை வையுங்கள், பின்னணியைப் பார்த்து அல்ல. நான்காவது, வேட்டி போன்ற மிக வெளிச்சமான பகுதிகளைக் குறைக்க ஹைலைட்ஸ், இருண்ட பகுதிகளைத் தூக்க ஷேடோஸ். மாநிறம், கறுப்பு நிற முகங்களும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வரும் நமக்கு இந்த இரண்டும்தான் அதிகம் உதவும்.

இதற்கெல்லாம் துணை ஹிஸ்டோகிராம் (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்). அதன் வலது ஓரத்தில் கோடு முட்டி நின்றால் எங்கோ வெளுத்திருக்கிறது. இடது ஓரத்தில் முட்டினால் எங்கோ முழுக்க இருண்டிருக்கிறது. திரை ஏமாற்றினாலும் இது ஏமாற்றாது.

நிறத்தைக் கூட்டுவதும் கூர்மை சேர்ப்பதும் கடைசி வேலை. ஒரே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கு இந்த அளவுகளை அப்படியே நகலெடுத்து ஒட்டலாம். ஐம்பது படத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியதில்லை.

காசு கொடுத்து பிரீசெட் (முன்பே சேமித்த திருத்த அளவுகள்) வாங்கலாமா? இப்போது வேண்டாம். அது வேறு யாரோ வேறு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குச் செய்தது. உங்கள் படத்தில் ஏன் ஒத்துவரவில்லை என்று புரியும் அளவுக்குப் பழகிய பிறகு வாங்கினால் பயன்படும்.

அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பட்டுப்புடவையின் சிவப்பைப் பாருங்கள். நூலிழையும் மடிப்பும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருந்தால் நிறம் கூடிவிட்டது. வானத்தை ஒட்டிய மரத்தின் விளிம்பில் வெள்ளைக்கோடு தெரிந்தால் கூர்மையோ ஷேடோஸோ அதிகம். முகத்தில் தோலின் துளைகளே இல்லையென்றால் மழமழப்பு அதிகம்.

‘கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க’ என்று படத்தில் இருப்பவர் கேட்டால்? முகத்தை மட்டும் வெளுக்க வைத்தால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுத்துவிடும். மொத்த வெளிச்சத்தைச் சற்றே ஏற்றி, அவருடைய நிறத்திலேயே முகம் தெளிவாகத் தெரியும்படி செய்து காட்டுங்கள். அவர் எதிர்பார்த்தது பெரும்பாலும் அந்தத் தெளிவுதான்.

ஏஐ கொண்டு வேண்டாத ஆளை நீக்கலாமா?

வீட்டு ஆல்பத்துக்கு, உங்கள் விருப்பம். செய்திக்கோ போட்டிக்கோ அனுப்பும் படத்தில் கூடாது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிக்கட்டத்துக்கு வருபவர்களிடம் அசல் கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ரா கோப்பை அழிக்காமல் வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

திருத்திய படத்தை மென்பொருளிலிருந்து வெளியே எடுக்கும்போது எதைக் கவனிப்பது?

நிறவெளியை (படம் பயன்படுத்தும் நிறங்களின் வரம்பு) எஸ்ஆர்ஜிபி என்று வையுங்கள். வேறு ஏதாவது இருந்தால் சில போன்களிலும் பிரிண்ட் கடைகளிலும் நிறம் மங்கித் தெரியும். ஜேபெக் தரம் 80 முதல் 90 போதும். 6க்கு 4 அங்குலப் பிரிண்டுக்கு 1800க்கு 1200 பிக்சல் இருந்தால் சரி.

பிரிண்டில் தலை வெட்டுப்படுகிறதா? பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களின் படம் 3க்கு 2 விகிதம். 4க்கு 6, 8க்கு 12, 12க்கு 18 அளவுகளில் அது முழுதாகப் பொருந்தும். 5க்கு 7, 8க்கு 10 கேட்டால் ஓரம் போகும். எனவே அந்த அளவுக்கு நீங்களே கிராப் செய்து கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைகிறதே? சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.

இந்த வாரம் எதில் தொடங்குவது?

ஒரே மென்பொருளைப் போடுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றில் பத்து ரா கோப்புகளைத் தேர்ந்து, மேலே சொன்ன வரிசையில் மட்டும் திருத்துங்கள். மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். மிகையாகத் தெரிவதைப் பாதியாகக் குறையுங்கள். அவற்றில் இரண்டைப் பக்கத்து ஃபோட்டோ லேபில் 4க்கு 6 பிரிண்ட் போட்டு, திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிரிண்ட் இருட்டாக இருந்தால் படத்தை மாற்றுவதற்கு முன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். அந்த வெளிச்ச அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை லேபில் காசு வீணாகாது.