சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்

மெர்லிமாவ் வட்டாரத்தில் நம் பெற்றோர் பால் வெட்டிப் பிழைத்தார்கள். பின்னர் செம்பனை வந்தது. இன்று நம் பிள்ளைகள் பலர் ஆலைகளில் இயந்திரங்களோடு வேலை செய்கிறார்கள். ஆகவே இன்றைய கேள்வி இதுதான்: பழுது பார்க்க நிறுத்திய இயந்திரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா?

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஒருவர் கன்வேயருக்குள் கையை விட்டு, சிக்கிய பழக்குலையை எடுக்கிறார். அவர் உள்ளே இருப்பது தெரியாத இன்னொருவர் சுவிட்சைத் தட்டினால் என்ன ஆகும்? அவர் கெட்டவர் அல்லர். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1988 ஜூலை 6-ஆம் தேதி, ஸ்காட்லாந்துக்கு அப்பால் கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் இதுவே நடந்தது. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். இரவு வேலைக்கு வந்தவர்களுக்கு அது தெரியாது. மற்றொரு பம்பு நின்றதும் இதை இயக்கினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டனர்.

மின்சாரம் மட்டுமே ஆபத்து என்று எண்ண வேண்டாம். செம்பனைப் பழத்தை அவிக்கும் கலனில் நீராவி ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் இருக்கும். இரண்டு மீட்டர் அகலமுள்ள கதவை அது சுமார் 95 டன் விசையுடன் தள்ளும். நீராவியை வெளியேற்றிய பிறகு முப்பதில் ஒரு பங்கு தங்கினாலும் மூன்று டன்! கதவைத் திறப்பவர் எதிரே நின்றால் என்னவாகும்? அதேபோல் தூக்கி நிறுத்திய பாரம், அமுங்கிய சுருள்வில், குழாயில் அடைபட்ட காற்று, ஹைட்ராலிக் எண்ணெய் ஆகியவை சுவிட்சை அணைத்த பின்னும் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும்.

இதற்குத் தீர்வு என்ன? முதலில் அந்தப் பகுதியில் உள்ள எல்லாருக்கும் சொல்லுங்கள். இயந்திரத்தை முறைப்படி நிறுத்துங்கள். மெயின் சுவிட்சு, வால்வு என்று சக்தி வரும் வழிகள் அனைத்தையும் அடையுங்கள். அவற்றில் பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய எச்சரிக்கை அட்டையை மாட்டுங்கள். தங்கியிருக்கும் சக்தியை வெளியேற்றுங்கள். கடைசியாக, யாரும் அருகில் இல்லை என்று பார்த்து, இயக்கும் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். இயங்கவில்லை என்றால் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே கை வையுங்கள்.

அட்டை மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நம் ஆலைகளில் நேப்பாளியும் வங்காளதேசியும் நம்மோடு வேலை செய்கிறார்கள். அட்டையில் எழுதியதை எல்லாராலும் படிக்க முடியாது. பூட்டு எல்லா மொழியிலும் பேசும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள் வேண்டும். அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். அதனால்தான் சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

அமெரிக்கா 1989-இல் இதைத் தனி விதியாகவே வெளியிட்டது. முறையாகக் கடைப்பிடித்தால் அங்கு ஆண்டுக்கு 120 உயிர்கள் காப்பாற்றப்படும் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு.

நம் நாட்டில், திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தால், அங்கிருந்து விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. "சீக்கிரம் முடி" என்று சுப்பர்வைசர் விரட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

பூட்டுப் போடப் பத்து நிமிடம் ஆகும். போன விரல் பத்து ஆண்டானாலும் திரும்பாது. பெற்றோர்களே, இன்று மாலை வேலை முடிந்து வரும் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, உனக்கென்று ஒரு பூட்டு கொடுத்திருக்கிறார்களா?"