குக்கர் விசில் வராவிட்டால் எங்கே பார்ப்பீர்கள்?

பருப்பு வைத்து அரை மணி நேரமாகியும் குக்கர் விசில் அடிக்கவில்லை. அதற்காக யாரும் புதுக் குக்கர் வாங்கக் கிளம்புவதில்லை. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கேஸ்கட் தளர்ந்துவிட்டதா, வெயிட் துளையில் பருப்பு அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0455 என்று வந்தாலும் வேலை இதே வரிசையில்தான்.

பெட்ரோல் டேங்கும் மூடி போட்ட பாத்திரமே. வெயிலில் நிற்கும் காரில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை வெளியே விட்டால் காற்று கெடும். கலிபோர்னியா 1970-லும், அமெரிக்கா முழுவதும் அதற்கடுத்த ஆண்டிலும் புதுக் கார்களில் இதைத் தடுக்க விதி வந்தது. டேங்கிலிருந்து கிளம்பும் ஆவி, கரி நிரப்பிய கேனிஸ்டருக்குப் போய்த் தங்கும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்க, இன்ஜினே அதை உறிஞ்சி எரித்துவிடும். கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வரும் வழியில் வென்ட் வால்வு இருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க, பல கார்களில் கம்ப்யூட்டர் வென்ட் வால்வை மூடி, டேங்கில் லேசான வெற்றிடம் உண்டாக்கி, அது நிற்கிறதா என்று கவனிக்கும். குக்கர் உவமை இங்கே கைவிட்டுவிடும். குக்கரில் ஆவி வெளியே பீய்ச்சும். இங்கே காற்று உள்ளே நுழையும். அதனால் 'உஸ்' என்ற சத்தத்துக்குக் காதைத் தீட்டிப் பயனில்லை.

பி0455 என்றால் பெரிய கசிவு. பி0442 சுமார் 1 மி.மீ. துளை, பி0456 அதில் பாதி. எண் ஓட்டையின் அளவைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இது தெரியாமல்தான் பலர் நேராகக் கேனிஸ்டரை மாற்றிக் காசைக் கரியாக்குகிறார்கள்.

முதலில் டேங்க் மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை திருகுங்கள். விளக்கு உடனே அணையாது. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், டேங்க் காலியாகவும் கூடாது, நிரம்பவும் கூடாது, அப்போதுதான் மறுசோதனை நடக்கும். சில நாள் பொறுங்கள்.

பெட்ரோல் போட்ட கையோடு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? சந்தேகப்பட வேண்டியது பர்ஜ் வால்வை. கழற்றி, மின்சாரம் கொடுக்காமல் கைப்பம்பால் காற்றடித்தால் காற்று போகக் கூடாது. போனால் மாற்றிவிடலாம். பி0441, பி0496 எண்களுக்கும் முதல் சோதனை இதுதான்.

பி0446 வந்தால் வென்ட் வால்வின் பக்கம் போக வேண்டும். வண்டியின் அடியில் சேறும் தூசியும் படும் இடம் அது. 2011-ல் மாஸ்தா 6 கார்கள் அரை லட்சத்துக்கும் மேல் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம், வென்ட் குழாயில் வலை பின்னிய மஞ்சள் சிலந்தி! வழி அடைபட்டால் டேங்கே வெடிப்பு விடலாம்.

இவ்வளவுக்கும் பிடிபடாத கசிவை ஒர்க்‌ஷாப்பில் புகை மெஷின் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். குழாயில் எங்கே புகை கசிகிறதோ அங்கே ஓட்டை. வீட்டில் கம்ப்ரசர் காற்றை டேங்கில் அடித்துப் பார்க்கும் சாகசம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பங்க்கில் பம்ப் தானாக நின்றபின், "ரவுண்டாகப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். மிஞ்சும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிட்டால், அப்போது உண்மையாகவே கேனிஸ்டரை மாற்ற வேண்டிவரும்.