பழைய வண்டியில் சுகமான பயணம்: ஷாக் அப்சார்பரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடைசித் தவணையும் செலுத்தியாயிற்று. வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்று பெற்று, பதிவுச் சான்றிதழில் இருந்த கடன் குறிப்பையும் நீக்கியாயிற்று. வண்டி இனி முழுவதும் நம்முடையது. எஞ்சினிலும் பெரிய குறை இல்லை. ஆனால், ஒரு காலத்தில் கொங்கண் மலைப்பாதையில் உறங்கிக்கொண்டே வந்த பாட்டி, இப்போது அடுத்த ஊர்க் கோயிலுக்கு அழைத்தாலும், "அந்த வண்டியா? என் இடுப்பு தாங்காதப்பா" என்று மறுத்துவிடுகிறார்.

1998இல் வந்த டாடா சஃபாரி, 2000இல் வந்த பொலேரோ, 2002இல் வந்த ஸ்கார்பியோ ஆகியவற்றின் பழைய வண்டிகள் இன்றும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய வீடுகளில் இந்த உரையாடல் புதியதன்று. புதிய வண்டி வாங்கிவிடலாமா என்பது ஒரு யோசனை. "இருப்பதிலேயே மென்மையான ஷாக் அப்சார்பராகப் பார்த்துப் போடுங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுவது மற்றொன்று. இரண்டில் எதையும் முடிவு செய்வதற்கு முன், வண்டி ஏன் குலுக்குகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

சுமப்பது எது? அடக்குவது எது?

வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைச் சுமப்பதில்லை; ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. அதன் குழாய்க்குள் ஒரு பிஸ்டன் எண்ணெயில் மேலும் கீழுமாக நகர்கிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள், வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிப் பாயும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் கசிந்தாலோ வால்வு தேய்ந்தாலோ, ஒரு பள்ளத்தில் தொடங்கிய ஆட்டம் அடுத்த பள்ளம் வரை நீடிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தேய்ந்த ஷாக் அப்சார்பர் உண்மையில் அளவுக்கு மீறி மென்மையாகிவிட்ட ஒன்று. அதனால் வேகத்தடையில் ஸ்பிரிங் அடிவரை அமுங்கி, தடுப்பு ரப்பரில் 'டக்'கென்று மோதுகிறது. பாட்டியின் இடுப்பில் விழும் அடி பெரும்பாலும் அந்த மோதல்தான். அங்கே மேலும் மென்மையான ஒன்றைப் பொருத்தினால் நோவு குறையாது. பயணத்தில் சுகம் என்பது மென்மையைவிட அடக்கத்தையே பெரிதும் சார்ந்தது. ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழுந்து, உடனே நிலைகொள்ளும் வண்டியே உடலுக்கு இதமானது.

இது சுகத்தோடு நிற்கும் செய்தியும் அன்று. ஆட்டம் அடங்காத சக்கரம் சாலையை விட்டுக் கணந்தோறும் எழும்புகிறது. அந்தக் கணங்களில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் அது முழுமையாகக் கட்டுப்படாது. உயரமான வண்டிகள் வளைவில் கூடுதலாகச் சாயும்; திடீரென நிறுத்தும்போது மூக்கு கீழே குத்தும்.

முதலில் நோயைக் கண்டறிவோம்

புதிய பொருளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சில சோதனைகளைச் செய்வது நல்லது. முதலாவது, டயரின் காற்று. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் காட்டியிருக்கும் அளவைவிட அதிகமாகக் காற்று அடைத்து ஓட்டுவோர் பலர். காற்றைச் சரியாக்கியதுமே பாதிக் குறை தீர்ந்த வண்டிகள் உண்டு. அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரமும் விளிம்பு குறுகிய டயரும் மாட்டியிருந்தால், எந்த ஷாக் அப்சார்பராலும் அந்தக் கடினத்தை முழுவதும் போக்க முடியாது.

இரண்டாவது, ரப்பர் புஷ்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை காய்ந்து வெடித்துவிடும். 'கடகட' என்ற ஒலி பெரும்பாலும் அங்கிருந்தே வரும். மூன்றாவது, ஸ்பிரிங்கின் தளர்ச்சி. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேல்வளைவு வரை நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் வேறுபட்டால் ஸ்பிரிங்கையும் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகே ஷாக் அப்சார்பர். மேற்பகுதியில் இலேசான ஈரப்பசை இருப்பது பெரிய குறையன்று. எண்ணெய் வழிந்து தூசு படிந்திருந்தால் அது மாற்ற வேண்டிய ஒன்று. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால், அது எழுந்து உடனே நிலைக்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் தேய்மானம் உறுதி. கனமான வண்டிகளில் இச்சோதனை தொடக்க நிலைத் தேய்மானத்தைக் காட்டாது என்பதையும் நினைவில் கொள்வோம். டயரின் ஓரத்தில் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருப்பது நம்பத்தக்க மற்றோர் அடையாளம்.

மூன்று வகைகள்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். எண்ணெய் மட்டும் நிரப்பிய இரட்டைக் குழாய் வகை விலை குறைந்தது; சிறு மேடுபள்ளங்களில் இதமானது. ஆனால், கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடாகி, காற்றோடு கலந்து நுரைத்துவிடும். அப்போது அடக்கும் திறன் குறையும்.

அதே இரட்டைக் குழாயில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு சேர்த்தது இரண்டாம் வகை. வாயு நுரைப்பைக் குறைக்கிறது. குடும்பத்தோடு நகரிலும் நெடுஞ்சாலையிலும் செல்லும் பழைய எஸ்யூவிக்குப் பெரும்பாலும் இதுவே போதுமானது.

மூன்றாவது ஒற்றைக் குழாய் வகை. உயர் அழுத்த வாயுவும் எண்ணெயும் ஒரே குழாயில், இடையில் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கும். 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் பயணிகள் காருக்குக் கொண்டுவந்த முறை இது. வெப்பத்தை விரைவில் வெளியேற்றுவதால் நீண்ட மலைப்பாதைக்கும் மண் சாலைக்கும் ஏற்றது. விலை கூடுதல், நகரத்தின் சிறு குழிகளில் சற்று விறைப்பாகவும் தோன்றலாம்.

'ஹெவி டியூட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அது கூடுதல் சுமை ஏற்றும் வண்டிக்கானது. இருவரோ மூவரோ பயணம் செய்யும் வண்டியில் அதைப் பொருத்தினால் பாட்டியின் புகார் இரட்டிப்பாகும். ஆகவே, ஆண்டின் பெரும்பகுதி எத்தனை பேர், எந்தச் சாலையில் செல்கிறோம் என்பதே தேர்வின் அளவுகோலாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை போகும் லடாக் பயணம் அளவுகோலாக வேண்டாம்.

வண்டியின் அமைப்பும் முக்கியம். சஃபாரி, ஸ்கார்பியோ ஆகியவற்றின் பின்புறத்தில் சுருள் ஸ்பிரிங். பொலேரோவின் பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஓரளவு ஆட்டத்தை அடக்கும். துருவேறி இறுகிவிட்டால் அவை வளையாமல் குலுக்கும். அவ்வண்டியில் பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஷேக்கிள் புஷ்களை மாற்றிய பிறகு ஷாக் அப்சார்பரைப் பற்றி யோசிப்பதே முறை.

பொருத்தும்போது

ஒரே அச்சின் இரு பக்கங்களையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி ஒருபுறம் இழுபடும். மேல் மவுண்ட், தடுப்பு ரப்பர், தூசு உறை ஆகியவற்றையும் அப்போதே புதிதாக்குவது சிக்கனம். அவற்றுக்கென்று பின்னர் மீண்டும் கூலி கொடுக்க வேண்டியிராது. இரட்டைக் குழாய் வகையைப் பொருத்துமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை அமுக்கி இழுத்து, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

புஷ்களின் போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையில் இருந்து விரைவில் கிழியும். இதை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்வதில் தவறில்லை. பொருளை உரிய பில்லுடன் வாங்கி, உத்தரவாதச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். போலிப் பொருள்கள் உலவும் சந்தை இது.

சட்டமும் கணக்கும்

உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே மாற்றுவது பழுதுபார்ப்பு. வண்டியை உயர்த்தும் 'லிஃப்ட் கிட்' அப்படியன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல அளவிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடு கோரும்போது சிக்கல் எழலாம். சாதாரணத் தேய்மானத்துக்கு மோட்டார் காப்பீடு பொறுப்பேற்காது என்பதால், இந்தச் செலவு நம் சேமிப்பிலிருந்தே வர வேண்டும்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. உங்கள் வண்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டு எஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செலவைத் தீர்மானியுங்கள்.

ஓர் ஒப்பீடு: 10 லட்ச ரூபாய் கடனை 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 16,100 ரூபாய், வட்டி மட்டுமே மூன்றரை லட்சத்தைத் தாண்டும். எஞ்சினும் அடிச்சட்டமும் நலமாக இருக்கும் வண்டிக்கு, புஷ்களும் நான்கு ஷாக் அப்சார்பர்களும் மாற்றும் மதிப்பீட்டை எழுத்தில் பெற்று இத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தால் கணக்கு வேறு. அப்போது பழுதுபார்ப்பில் பணத்தைக் கொட்ட வேண்டாம். புதிய வண்டிக்கே திட்டமிடலாம்.

வேலை முடிந்ததும், வழக்கமாகக் குலுக்கும் அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முன்னிருக்கையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். பாட்டியை அவர் வழக்கமாக அமரும் நடுவரிசையில் அமர்த்தி, கோயில் வரை ஒருமுறை போய் வாருங்கள். திரும்பும் வழியில் அவர் கண்ணயர்ந்துவிட்டால், செலவழித்த பணம் வீண்போகவில்லை என்று நாம் நிம்மதி கொள்ளலாம்.