மலிவுப் பெட்டியும் மழுங்கிய நட்டும்

வாகனம் வைத்திருப்பவர்கள் ஆயுதப் பெட்டி வாங்க என் கடைக்கு வந்தால், முதலில் கேட்பது "நாநா, இதுல எத்தனை துண்டு இருக்கு?" என்பதுதான். நாற்பது துண்டா, நூற்றெட்டுத் துண்டா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். 'இந்த ஸ்பெனர் என்னுடைய வாகனத்தின் நட்டுக்குச் சரியாகப் பொருந்துமா?' என்று கேட்பவர் மிக அபூர்வம். முப்பது வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கும் நானும் அந்தக் கேள்வியை அவர்களுக்கு ஞாபகப்படுத்தாமல் விற்றுக்கொண்டுதான் இருந்தேன். அது பிழை என்பதை எனக்குக் கற்பித்தது வெடித்துப்போன ஒரு சொக்கட்.

2022 ஜூன் மாதம். எரிபொருளுக்காக மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம். பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் பழைய டவுன்ஏஸ் வேன் ஒன்றை ஹயருக்கு ஓட்டி வந்தார். வேனோடு வந்த வீல் பிரேஸ் எப்போதோ தொலைந்துவிட்டதால் என்னிடம் வந்து ஒரு மலிவான சொக்கட் பெட்டி வாங்கினார். "நாநா, சாமான் நல்லதுதானே?" என்று கேட்டார். "எல்லாரும் இதைத்தானே தம்பி கொண்டுபோறாங்க" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழை இரவில், மூச்சுத் திணறிய தாயாரை ஏற்றிக்கொண்டு அவர் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். றொசல்லவிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. நான்கு நட்டுகள் கழன்றன. ஐந்தாவதில் சொக்கட் வெடித்தது. வேறொரு சாவியைப் போட்டு இழுத்ததில் நட்டின் முனைகளும் மழுங்கின. கொழும்பில் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்று வரும்வரை தாயும் மகனும் பாதையோரத்தில் இருந்தார்கள். தாயார் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் அந்த நட்டை உளியால் வெட்டி எடுத்து, ஸ்டட்டையும் மாற்றினார்கள். செலவு பெட்டியின் விலையைவிடக் கூடிவிட்டது.

அடுத்த வாரம் அவர் வெடித்த சொக்கட்டை என் மேசையில் வைத்தார். "நாநா, காசு திருப்பிக் கேட்டு வரல்ல. இதை வேற யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஏன் இப்போது இது முக்கியம்?

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டபோதும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது எட்டாத உயரத்தில்தான் நின்றது. ஆகவே இருபது, முப்பது வருட வாகனங்களைப் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டுகிறோம். சின்ன வேலைகளை வீட்டு முற்றத்தில் நாமே செய்யப் பழகியிருக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் கையில் இருக்கும் ஆயுதம் கூடாததாக இருந்தால், மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் இரட்டிப்புச் செலவு வரும்.

முதலில் அளவு, பிறகு பெயர்

நமது பாதைகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி ஜப்பான் வாகனங்கள். அவற்றில் அதிகம் வருபவை 8, 10, 12, 14, 17 மில்லிமீற்றர் நட்டுகள். ஐரோப்பிய முறையில் செய்த வாகனங்களிலும் பல இந்திய வாகனங்களிலும் 13 கட்டாயம் வேண்டும். ஜப்பான் வாகனத்தில் 13 இன் தேவை குறைவு. இதை அறியாமல் பெட்டி வாங்குபவர் பாவிக்காத பத்துத் துண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

மலையகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து லேண்ட் ரோவர், ஒஸ்டின், மொரிஸ் மைனர் வாகனங்களின் அங்குல ஸ்பெனர்கள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. இங்கிலாந்தின் நல்ல உருக்கு, சந்தேகமில்லை. ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதை 12 மில்லிமீற்றர் நட்டில் மாட்டினால் 0.7 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். பலமாக இழுக்கும்போது அது நட்டின் பக்கங்களைப் பிடிக்காது, முனைகளை மட்டும் தின்னும். முக்கால் அங்குலமும் 19 மில்லிமீற்றரும் ஏறத்தாழ ஒன்று, ஆகவே அது தப்பும். மற்றவற்றை அப்படி நம்பக்கூடாது. பாட்டனார் வைத்துவிட்டுப் போன ஸ்பெனர் என்பதற்காக அது நமது டொயோட்டாவுக்குப் பொருந்திவிடாது.

நட்சத்திரத் தலை ஆணிகளிலும் இதே கதைதான். ஜப்பான் வாகனங்களின் பழைய ஆணிகள் பல ஜேஐஎஸ் என்ற அவர்களுடைய தரத்தில் செய்யப்பட்டவை. பலவற்றின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ ட்ரைவரை அதில் வைத்து அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே ஏறும், ஆணியின் தலை அரைபடும். 'ஆணி துருப்பிடித்துவிட்டது' என்று நாம் ஆணியைக் குறை சொல்வோம். பொருந்தாத ஆயுதம்தான் பல நேரம் காரணம்.

தரத்தை எப்படி அறிவது?

'குரோம் வெனேடியம்' என்று பொறித்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தை எந்த இரும்பிலும் பொறிக்கலாம். உருக்கைச் சூடாக்கி அச்சில் அடித்து உருவாக்கி, பிறகு முறையாகச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் ஏற்றினால்தான் அது வளையாமலும் வெடிக்காமலும் இருக்கும். அந்தப் பதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கவனிக்கக்கூடியவை சில உண்டு.

ஒன்று, செய்தவரின் பெயரும் அளவும் தெளிவாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். தன் பெயரைப் போட வெட்கப்படும் கம்பனியின் பொருளை நாம் ஏன் நம்பவேண்டும்? இரண்டு, ஸ்பெனரின் வாயை விரலால் தடவுங்கள். பிசிறும், உரியும் முலாமும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உரிந்த முலாம் பிளேட் போலக் கையை வெட்டும். மூன்று, மிக முக்கியமானது: உங்கள் வாகனத்தின் அளவில் ஒரு நல்ல நட்டைச் சட்டைப் பையில் கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். இலேசாக நுழைய வேண்டும், நுழைந்தபின் ஆடக்கூடாது.

சொக்கட் வாங்கும்போது உள்ளே பன்னிரண்டு முனை இருப்பதைவிட ஆறு முனை இருப்பது நல்லது. ஆறு முனைச் சொக்கட் நட்டின் பக்கங்களைப் பிடிக்கிறது. பன்னிரண்டு முனைக்கு நெருக்கமான இடத்தில் மாட்டும் வசதி உண்டு. ஆனால் துருப்பிடித்த, ஏற்கெனவே தேய்ந்த நட்டில் அது வழுக்கும்.

பெயர்களைச் சொல்வதானால், ஜப்பானின் கேடீசி, டோன், கோகென் ஆகியவையும் ஜெர்மனியின் கெடோர், ஸ்டால்வில்லே, ஹாசெட் ஆகியவையும் உலகறிந்தவை. ஸ்குரூ ட்ரைவருக்கு ஜப்பானின் வெசல். இவற்றின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. நடுத்தரக் குடும்பத்துக்கு இந்தியாவின் தப்பாரியாவும் தாய்வான் பொருட்களில் நல்லவையும் போதும். பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பாவித்த ஜப்பான் ஸ்பெனர்களையும் தேடிப் பார்க்கலாம். வாய் விரியாத பழைய நல்ல ஸ்பெனர், புதிய மலிவுப் பெட்டியைவிடச் சிறந்தது. பிரபல பெயர்களுக்குப் போலியும் வரும் என்பதால் விலை சந்தேகமாகக் குறைந்திருந்தால் ஒதுங்குங்கள்.

ஒன்றொன்றாக வாங்குங்கள்

ஒரே நாளில் எல்லாம் வேண்டியதில்லை. முதலில் சில்லு நட்டுக்குச் சரியான, கனமான வீல் பிரேஸ். டவுன்ஏஸ் போன்ற டொயோட்டாக்களுக்கு 21, பல வாகனங்களுக்கு 19. உங்களுடையதை அளந்து வாங்குங்கள். அடுத்து 10, 12, 14 ஸ்பெனர்கள், ஒருபக்கம் வாயும் மறுபக்கம் வளையமும் உள்ளவை. இறுகிய நட்டை வளையப் பக்கத்தால் அசைத்துவிட்டு, பிறகு வாய்ப் பக்கத்தால் கழற்றலாம். பற்றரி முனைகளைக் கழற்ற அநேகமாக 10 போதும். முதலில் நெகட்டிவைக் கழற்றவேண்டும், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டவேண்டும். அதன்பின் பிளக் சொக்கட், நல்ல குறடு, இரண்டு ஸ்குரூ ட்ரைவர். இதற்குள் வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் முக்கால்வாசி அடங்கிவிடும்.

சில்லைக் கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெக்கில் ஏற்றுமுன், சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இளக்குங்கள். பூட்டும்போது வரிசையாக அல்லாமல் எதிரெதிராக இறுக்குங்கள். சின்ன வாகனங்களுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீற்றர்வரை இறுக்கம் போதுமானது. காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்கிய நட்டுத்தான் நடுப்பாதையில் நம்மை அழவைக்கும். டயர் மாற்றி வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை இளக்கி, கையால் இறுக்கி வையுங்கள்.

நமது ஊரில் சமதரை குறைவு. மற்றச் சில்லுக்குக் கட்டையோ கல்லோ வைக்காமல் ஜெக் போடாதீர்கள். ஜெக்கை மட்டும் நம்பி எக்காரணம் கொண்டும் வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள், அதற்கென்று ஸ்டாண்ட் உண்டு. பிரேக், ஸ்டியரிங் வேலைகளைப் பாஸிடமே விடுங்கள். கினிகத்தேனை இறக்கத்தில் அந்த நட்டைப் பரீட்சித்துப் பார்க்க முடியாது.

வாங்கிய பொருளைக் காப்பதும் நமது கடமை. பக்கத்து வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே இரும்பு சும்மா இருந்தாலே துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒயில் தடவிய துணியில் சுற்றி, சீமெந்துத் தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை

மலிவுப் பெட்டியை ஏன் விற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கடனுக்குக் கிடைத்தது, சீக்கிரம் விற்றது, இலாபமும் கூட. நல்ல ஸ்பெனர் காசு கொடுத்து வாங்கி மாதக்கணக்கில் தட்டில் கிடக்கும், முதல் முடங்கும். கணக்குப் புத்தகம் பெட்டியைத்தான் விற்கச் சொன்னது. ஆனால் பொருளின் குறையை மறைத்துச் சம்பாதித்த இலாபத்துக்கும் ஒரு நாள் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதை நமக்குச் சிறுவயதிலேயே படிப்பித்திருக்கிறார்கள்.

அந்தச் சொக்கட் வந்த பிறகு கடையில் இரண்டு மாற்றம் செய்தேன். ஸ்பெனர்களைத் தனித்தனியாக விற்கிறேன். மேசையில் ஒரு பலகை வைத்து அதில் 8 முதல் 21 வரை புதிய போல்ட்டுகளைப் பதித்திருக்கிறேன். வாங்குபவர் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். முதல் வருடம் விற்பனை குறைந்தது உண்மை. பிறகு, ஒரு ஸ்பெனர் வாங்கியவர் அடுத்ததற்கும் என்னிடமே வரத் தொடங்கினார்.

அந்த இளைஞரும் வருகிறார். ஹயர் நன்றாக ஓடிய மாதங்களில் ஒவ்வொன்றாக வாங்கி இதுவரை ஒன்பது சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பலகையில் மாட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறார். என்னிடம் நல்லதா என்று அவர் இப்போது கேட்பதில்லை. வெடித்த சொக்கட் இன்னும் என் மேசை இலாச்சியில்தான் கிடக்கிறது.